இரண்டு பூங்காக்களும் என் மாமியாரும்

“நீங்கள்லாம் போயிட்டு வாங்க. நான் ஓட்டல் ரூம்லயே இருந்துக்கறேன். ஒரு கிண்ணம் தயிர் சாதம் கலந்து வெச்சுட்டுப் போனா போதும்.”

அட்லாண்டாவிலிருந்து கார் கிளம்பி அரை மணி கூட ஆகவில்லை. அதற்குள் மாமியார் இதை மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டார். முன் சீட்டில் இருந்த இவர் திரும்பியே பார்க்கவில்லை. வண்டி ஓட்டிய கொழுந்தனார் மட்டும், “அம்மா, உனக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் வாங்கியாச்சு. திருப்பித் தரமாட்டாங்க” என்றார். பணம் வீண் என்றதும் மாமியார் வாயை மூடிக்கொண்டார். எழுபது வயதிலும் அந்த ஒரு ஆயுதம் அவரிடம் தவறாமல் பலிக்கும்.

2024 டிசம்பரில் கொழுந்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். எங்கள் குழந்தைகளுக்கு அரைப் பரீட்சை விடுமுறை. பள்ளியில் கூட ஒரு வாரத்துக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தோம். அங்கே கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் நடுவில்தான் எல்லாப் பள்ளிக்கூடமும் மூடியிருக்கும். ஆகவே அமெரிக்காவில் இருக்கிற அத்தனை குடும்பமும் அந்த ஒரு வாரத்தில்தான் புளோரிடாவில் உள்ள ஆர்லண்டோவுக்குப் படையெடுக்கும் போலிருக்கிறது. ஏழு மணி நேரத்தில் போகவேண்டிய 700 கிலோ மீட்டர் தூரத்தை நாங்கள் பத்தரை மணி நேரத்தில் கடந்தோம். காரில் நாங்கள் எட்டுப் பேர்: நான், இவர், மாமியார், பன்னிரண்டு வயதுப் பெண், ஐந்து வயதுப் பையன், கொழுந்தனார், என் ஓர்ப்படி, அவளுடைய எட்டு மாதக் கைக்குழந்தை.

ஆர்லண்டோவில் பூங்காக்கள் நிறைய. எங்கள் கைக்கும் காலுக்கும் எட்டியது இரண்டு கம்பெனிகளின் இடங்கள்தான். ஒரு நாள் டிஸ்னி வேர்ல்டில் உள்ள மேஜிக் கிங்டம், ஒரு நாள் யூனிவர்சல். நடுவில் ஒரு நாள் முழு ஓய்வு. இந்த ஓய்வு நாள் ஓர்ப்படியின் யோசனை. ‘அவ்வளவு காசு போட்டு வந்து ஒரு நாள் படுத்துத் தூங்குவதா?’ என்று மனதுக்குள் நினைத்தேன். முதல் நாள் ராத்திரி ஷூவைக் கழற்றியபோது அவளுக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது.

செலவைப் பற்றிச் சொல்லாமல் போனால் நீங்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். இந்த வாரத்தில் மேஜிக் கிங்டமுக்கு ஓர் ஆளுக்கு ஒரு நாள் நுழைவுச் சீட்டு 150 டாலருக்கும் மேல். மூன்று வயது முடிந்த குழந்தைக்கே டிக்கெட் உண்டு. பத்து வயதானால் பெரியவர்கள் கணக்கு. எங்கள் கூட்டத்தில் இலவசமாக உள்ளே போனது கைக்குழந்தை மட்டும்தான். நான் டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்ப்பதை விமான நிலையத்திலேயே நிறுத்திவிட்டேன். இல்லாவிட்டால் ஒரு காபி கூடத் தொண்டையில் இறங்காது.

முதல் நாள் டிஸ்னி. காரை நிறுத்திவிட்டு நேராக உள்ளே போய்விட முடியாது. எதிரே பெரிய ஏரி. அதைக் கடக்க ஒற்றைத் தண்டவாள ரயில் இருக்கிறது, படகும் இருக்கிறது. படகில் ஏறினோம். மாமியாருக்குக் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போன ஞாபகம் வந்துவிட்டது. அக்கரையில் அரண்மனையின் கூம்புகள் தெரியத் தெரிய, பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தான். அந்த ஏரி இயற்கையானதல்லவாம், வெட்டியது. வெட்டின மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டி மேடாக்கித்தான் பூங்காவைக் கட்டியிருக்கிறார்கள். தரையைத் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும் சதுப்பு பூமி. அதனால் வேலைக்காரர்கள் நடமாடும் சுரங்கப் பாதைகளைத் தரை மட்டத்திலேயே கட்டி, அதன் மேல் மண் நிரப்பி, பூங்காவை மாடியில் வைத்தமாதிரி வைத்துவிட்டார்கள். நாம் நடப்பது முதல் மாடியில்! வேஷம் கட்டியவர்கள் பாதி வேஷத்தோடு குழந்தைகள் கண்ணில் படாமல் கீழேயே போய் வருகிறார்கள். வால்ட் டிஸ்னி இதைப் பார்க்கவில்லை. 1966 டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார். அண்ணா ராய்தான் வேலையை முடித்து, 1971 அக்டோபர் 1 அன்று திறந்து, தம்பி பெயர் முழுசாக இருக்கவேண்டுமென்று ‘வால்ட் டிஸ்னி வேர்ல்டு’ எனப் பெயர் வைத்தார். அந்த டிசம்பரிலேயே அவரும் போய்விட்டார். படகில் கொழுந்தனார் இதைச் சொன்னபோது அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வாசலில் முதல் சண்டை. மாமியாருக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். உள்ளே நுழைந்ததும் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது. கூட்ட நாளில் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று ஓர்ப்படி ஓடிப்போய் ஒன்றை எடுத்து வந்தாள். மாமியார் முகம் சுண்டிவிட்டது. “நான் என்ன நோயாளியா? நாலு பேர் பாக்க இதுல உக்காரணுமா?” யாராலும் அசைக்க முடியவில்லை. கடைசியில் புளியோதரை டப்பா, தண்ணீர் பாட்டில்கள், ஸ்வெட்டர்கள், குழந்தையின் துணிப்பை எல்லாவற்றையும் நாற்காலியில் உட்கார வைத்தோம். மாமியார் பின்னால் நின்று அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதால் நடை உறுதியாகவே இருந்தது. பதினொன்றரை மணிக்கு, யாரும் கேட்காமலே, பைகளை என் தோளில் மாட்டிவிட்டு அவராகவே உட்கார்ந்தார். நாங்கள் ஒருவரும் மூச்சு விடவில்லை. மூட்டு வலிக்காரர்களை அழைத்துப்போகிற சகோதரிகளுக்கு இந்த வழியைச் சிபாரிசு செய்கிறேன்.

அரண்மனையைப் பார்த்து, “இது எவ்வளவு உயரம்?” என்றார். 189 அடி. மேலே போகப் போக ஜன்னலையும் கல்லையும் சின்னதாக்கி, பார்ப்பதற்கு இன்னும் உயரமாகத் தெரியும்படி செய்திருக்கிறார்கள். “ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடி” என்றார் மாமியார். அத்தோடு சரி.

கூட்டத்தைப் பற்றி எப்படிச் சொல்ல? வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் யாரும் இடிக்கவில்லை. ஒவ்வொரு சவாரி வாசலிலும் இத்தனை நிமிஷம் நிற்கவேண்டும் என்று பலகை சொல்கிறது. பறக்கும் கப்பலில் பீட்டர் பானோடு போகிற சவாரிக்குப் பலகை காட்டியது 110 நிமிஷம். சவாரி என்னவோ மூன்று நிமிஷம்தான். டிக்கெட்டுக்கு மேல் இன்னும் பணம் கட்டினால் குறித்த நேரத்தில் தனி வழியாக விடுகிறார்கள். ‘மின்னல் வழி’ என்று அதற்குப் பெயர். வெளி ஓட்டலில் தங்குபவர்கள் மூன்று நாள் முன்பாகக் காலை ஏழு மணிக்குக் கைபேசியில் பதிவு செய்யவேண்டும். ஓர்ப்படி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே இந்தக் காரியத்தைச் செய்திருந்தாள். மூன்று சவாரிகள் பிடித்தாள். மற்றதற்கெல்லாம் காலைத்தான் நம்பினோம். பூங்கா திறப்பதற்கு முன்பே வாசலில் நின்று, முதல் இரண்டு மணி நேரத்தில் நான்கு சவாரிகள் முடித்தோம். அதற்கப்புறம் சாயங்காலம் வரை முடிந்தது மொத்தமே நான்கு.

எங்கள் பையன் அன்று 41 அங்குலம். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டும். அங்கே குழந்தையின் வயதை யாரும் கேட்பதில்லை, உயரத்தைத்தான் கேட்கிறார்கள். வாசலில் அளவுகோலோடு ஆள் நிற்கிறார். ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலுக்கு 38 அங்குலம்: பாஸ். இடி மலை ரயிலுக்கு 40 அங்குலம்: பாஸ். ஒரு அங்குலம் மிச்சம் வைத்து ஜெயித்த பெருமையில் அவன் நடையே மாறிவிட்டது. விண்வெளி ரயிலுக்கு 44 என்றார்கள். அதை அக்காவுக்கு விட்டுக்கொடுத்து விட்டதாக அவனே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான்.

டிஸ்னியில் எனக்குப் பிடித்தது, உயரமே கேட்காத சவாரிகள் இத்தனை இருப்பதுதான். பறக்கும் யானைக்குட்டி, பேய் மாளிகை, காட்டாற்றுப் படகு, உலகத்துக் குழந்தைப் பொம்மைகளெல்லாம் பாடுகிற சிறு படகு என்று எட்டு மாதக் குழந்தையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே வண்டியில் உட்காரலாம். அந்தப் பாட்டுப் படகை முதலில் 1964ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் யூனிசெப்புக்காகச் செய்தார்களாம். உள்ளே போனால் மரப்பாச்சி முதல் செட்டியார் வரை எல்லாம் உயிர் பெற்ற கொலு மாதிரி இருக்கிறது. ஒரே ஒரு பாட்டு, திரும்பத் திரும்ப! ஊருக்கு வந்து ஒரு மாதம் வரை என் பையன் அதை விடவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு மேல் குழந்தை வீறிட்டது. பெரிய கடைத்தெரு முடிகிற இடத்தில் குழந்தைகள் பராமரிப்பு அறை ஒன்று இருக்கிறது. பால் கொடுக்கத் தனி இடம், ஆடும் நாற்காலி, துணி மாற்ற மேசை, உணவைச் சூடு பண்ண அடுப்பு, உயர நாற்காலி, எல்லாம் சுத்தமாக இருந்தன. உள்ளே போன ஓர்ப்படி முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பயந்து, “என்னம்மா?” என்றேன். “தூங்கிட்டேன் அக்கா. ஆறு மாசத்துல முதல் தடவையா பகல்ல தூங்கினேன்” என்று சிரித்தாள். இளம் தாய்மார்களே, டிஸ்னிக்கு நான் கொடுக்கும் மார்க்கில் பாதி அந்த ஆடும் நாற்காலிக்குத்தான்.

வெளிச் சாப்பாடு கொண்டுபோக அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடு பண்ணித் தரவும் கேட்கக் கூடாது. நிழல் பார்த்து உட்கார்ந்து புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். உணவுக் கடைகளில் கேட்டால் ஒரு கப் ஐஸ் தண்ணீர் சும்மாவே தருகிறார்கள். ஆகவே பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். குளிர்காலம்தானே என்று ஏமாறவும் வேண்டாம். பகலில் நம் ஊர் தை மாத வெயில், இருட்டினால் ஸ்வெட்டர். தாகம் தெரியாமலேயே நாக்கு உலர்ந்துவிடுகிறது. புது ஷூ போட்டுக்கொண்டு போன இவர் இரண்டு குதிகாலிலும் கொப்புளத்தோடு திரும்பினார். (“பழைய செருப்பே போதும்” என்று நான் சென்னையிலேயே சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.)

சாப்பிட்ட பிறகு, வரிசை இல்லாத இடமாகப் பார்த்து ஒரு வட்டமான கொட்டகைக்குள் நுழைந்தோம். குளிர் சாதனம், மெத்தை நாற்காலி, இருபது நிமிஷம் உட்காரலாம் என்பதுதான் காரணம். அதுதான் அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த புதையல்! மேடை நிற்கிறது, நாம் உட்கார்ந்திருக்கும் வரிசைகள் அதைச் சுற்றி நகருகின்றன. ஒரே குடும்பம், ஒரே வீடு. 1900களின் தொடக்கத்தில் ஒரு காட்சி, அப்புறம் இருபதுகள், நாற்பதுகள், கடைசியில் இந்தக் காலத்துக் கிறிஸ்துமஸ். பேசுகிற பொம்மைகள்தான், ஆனால் பேச்செல்லாம் வீட்டு வேலையைப் பற்றி! முதலில் துணி துவைக்கும் மிஷின் வந்துவிட்டது என்று பெருமை, அப்புறம் மின்சாரம், அப்புறம் பாத்திரம் கழுவும் மிஷின். கடைசிக் காட்சியில் வாயால் சொன்னாலே வேலை செய்யும் அடுப்பு. அது என்னவோ தப்பாகக் காதில் வாங்கி வான்கோழியைக் கருக்கிவிடுகிறது. இதுவும் 1964 கண்காட்சிக்காகச் செய்தது, 1975ல் இங்கே வந்தது. கொழுந்தனார் மெதுவாக மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, மாமியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “இத்தனை மிஷின் வந்தும் அடுப்படியில கருகினது கருகினதுதான்! அந்த அம்மா அன்னிக்கும் நின்னுண்டிருக்கா, இன்னிக்கும் நின்னுண்டிருக்கா, பாத்தியா?” என்று என் கையில் தட்டினார். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அடுப்படியைப் பற்றி நானும் அவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் நீராவிப் படகில் ஒரு சுற்று. நாங்கள் மெதுவாகச் சுற்றிய அந்த ஆற்றையும் படகையும் 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள், புதிதாக வேறு கட்டுவதற்காக. வாண வேடிக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பே இடம் பிடித்து உட்கார்ந்தது, பையன் வாணம் விட்ட வேளையில் என் மடியில் தூங்கிப்போனது, திரும்பும் படகுக்கு நின்ற கூட்டம் இதெல்லாம் உங்களுக்கே தெரிந்த கதை. பொருட்காட்சிக்குப் போய் வந்த எவருக்கும் தெரியும்.

ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு யூனிவர்சல். இந்த இடத்தின் பூர்வீகம் சினிமா. 1915லேயே கலிபோர்னியாவில் தங்கள் ஸ்டூடியோவைத் திறந்தபோது, தலைக்கு 25 சென்ட் வாங்கிக்கொண்டு படப்பிடிப்பைப் பார்க்க ஜனங்களை உள்ளே விட்டார்களாம். பேசும் படம் வந்ததும் வேடிக்கை பார்ப்பவர்களின் சத்தம் தொந்தரவாகி நிறுத்திவிட்டார்கள். ஆர்லண்டோவில் முதல் பூங்கா 1990ல், பக்கத்திலேயே இரண்டாவது 1999ல். நாங்கள் போனபோது கொஞ்சம் தள்ளிப் புதிய பூங்கா ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது 2025 மே 22ல் திறந்துவிட்டது.

என் பெண் ஹாரி பாட்டர் புத்தகம் அத்தனையையும் இரண்டு தடவை படித்தவள். அவளுக்கு டிஸ்னி ‘சின்னப் பசங்க இடம்’. இங்கே வாசலிலேயே அவள் முகம் மாறிவிட்டது. அந்தக் கதையின் ஊர் ஒரு பூங்காவில், கடைத்தெரு இன்னொன்றில். நடுவில் ரயில். இரண்டு பூங்காவுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினால்தான் ரயிலில் ஏற்றுவார்கள். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ரயில் ஜன்னலில் தெரியும் காட்சிகள் போகும்போது ஒன்று, வரும்போது வேறு. இதற்கு உயரக் கட்டுப்பாடு இல்லை என்பதால் எல்லோரும் ஒரே பெட்டியில் ஏறினோம். அன்று முழுக் குடும்பமும் சேர்ந்து உட்கார்ந்த இடங்கள் அதிகமில்லை.

அதுதான் வித்தியாசம். யூனிவர்சலின் பெரிய சவாரிகள் குடும்பத்தைப் பிரித்துவிடுகின்றன. இரண்டு சக்கர வண்டி மாதிரி ஆசனம் போட்டுக் காட்டுக்குள் பாய்கிற ஹாக்ரிட் ரயிலுக்கு 48 அங்குலம். கோட்டைக்குள் பறக்கும் சவாரிக்கும் 48. உயரமானவர்கள் உள்ளே போக, குழந்தையும் பாட்டியும் பையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆளும் வெளியே. அந்த ஓர் ஆள் யார் என்று உங்களுக்குச் சொல்லவேண்டுமா? எந்த ஊர் எக்ஸிபிஷனானாலும், எந்த ராட்டினமானாலும், கீழே நின்று பையைப் பிடித்து, மேலே சுற்றுகிறவர்களுக்குக் கையசைப்பது நம் உத்தியோகம். அன்றும் பெஞ்சைத் தேடினேன்.

ஓர்ப்படி விடவில்லை. “இங்க குழந்தையை மாத்திக்கற ரூம் இருக்கு அக்கா. எல்லாரும் சேர்ந்தே வரிசையில வரலாம். அவர் முதல்ல போவார். திரும்பி வந்து பையனைப் பார்த்துப்பார், நீங்க போகலாம், மறுபடி நிக்க வேண்டாம்.” டிஸ்னியிலும் இதே வசதி வேறு விதமாக உண்டு. ஆனால் அங்கே எனக்கு அது தோன்றவேயில்லை. சவாரிக்குப் பக்கத்திலேயே அந்த அறை. உட்கார இடம் இருக்கிறது. இவரும் பெண்ணும் போய் வந்தார்கள். பிறகு நான். பெண்ணையும் இரண்டாம் தடவை என்னோடு விட்டார்கள். அவள் வண்டியில், நான் பக்கத்துத் தொட்டியில். முதல் பாய்ச்சலிலேயே கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த சாமி பெயரெல்லாம் சொன்னேன். நடுக்காட்டில் ரயில் நின்று, பின்பக்கமாகவே பாய ஆரம்பித்தது! “அம்மா, கண்ணைத் திற! அம்மா, ப்ளீஸ், திறந்து பாரு!” என்று என் பெண் கத்தினாள். திறந்தேன். மரங்கள், வானம், அவளுடைய பறக்கும் பின்னல், அதற்குள் அவள் சிரிக்கிற முகம். வெளியே வந்ததும் கால் நடுங்கியது. “அம்மா எப்படிக் கத்தினா தெரியுமா!” என்று அன்று முழுவதும் எல்லோரிடமும் சொன்னாள். பன்னிரண்டு வயதில் பெண் நம்மைப் பற்றிப் பெருமையாகச் சொல்வது எத்தனை அபூர்வம் என்று தாய்மார்களுக்குத் தெரியும். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதில் ஏறவே கூடாது. வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அதெல்லாம் இல்லை என்று ஊரிலேயே டாக்டரிடம் காட்டிக்கொண்டு போனேன்.

பெரிய சவாரிகளுக்குப் பையோடு விடமாட்டார்கள். பக்கத்திலுள்ள சின்னப் பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டும், சவாரி முடியும்வரை இலவசம். மாமியாரின் பையில் முட்டித் தைலம், விபூதி டப்பா, ரப்பர் பேண்டு சுற்றிய மாத்திரைகள், ஆறு மிட்டாய். அதை அவர் பெட்டிக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். “நானே பெட்டி மாதிரி உக்காந்திருக்கேனே, உங்க பையையும் குடுங்க.”

ரயிலேறிக் கடைத்தெருவுக்குப் போனோம். செங்கல் சுவருக்குப் பின்னால் தெருவே ஒளிந்திருக்கிறது, வெளியிலிருந்து தெரியாது. வங்கிக் கட்டடத்தின் உச்சியில் உட்கார்ந்த டிராகன் அவ்வப்போது நிஜ நெருப்பைக் கக்குகிறது. பையன் அதை வாய் பிளந்து பார்த்துவிட்டு, அந்த வங்கிக்குள்ளே போயே தீரவேண்டும் என்றான். உயரம் 42 அங்குலம்.

நான் சொன்னேன், இவர் சொன்னார், கேட்கவில்லை. “மலை ரயில்ல விட்டாங்களே!” என்றான். அளவுகோல்காரப் பெண் குனிந்து, சிரித்துக்கொண்டு, கோலை அவன் தலைக்கு மேல் பிடித்தாள். அவன் குதிகாலைத் தூக்கினான். அவள் மெதுவாகக் காலைத் தொட்டுக் காட்டினாள். இறக்கினான். கோலுக்கும் தலைமயிருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முகத்தைப் பாட்டியின் புடவையில் புதைத்துக்கொண்டான். மாமியார் ஒன்றும் சொல்லாமல் அவனைத் தூக்கித் தன் மடியில், அந்த நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டார். “வா, நாம ரெண்டு பேரும் போற இடம் ஒண்ணு இருக்கும். தேடுவோம்.”

இருந்தது. சின்னக் குழந்தைகளுக்காக 2024 ஜூனில் திறந்த பகுதிக்குப் பக்கத்திலேயே, பூங்கா பிறந்த 1990லிருந்து இருக்கிற ஈ.டி. சவாரி. வேற்றுக் கிரகத்துப் பிராணி சைக்கிள் கூடையில் உட்கார்ந்து நிலாவுக்குக் குறுக்கே பறக்குமே, அந்தப் படம். 34 அங்குலம் போதும். வரிசை இருட்டுக் காட்டுக்குள் போகிறது, பைன் மர வாசனையோடு. “கொடைக்கானல் வாசனை” என்றார் மாமியார். நுழைவில் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு ஓர் அட்டை தருகிறார்கள். என் மாமியாரின் முழுப் பெயர் நீளம். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. மாமியாரே குனிந்து, சுருக்கமாக இரண்டெழுத்தில் ஒரு பெயரைச் சொன்னார். (அதை இங்கே எழுதக்கூடாது என்று உத்தரவு.) நான் அந்தப் பெயரைக் கேட்டதேயில்லை.

சைக்கிளில் ஏற முடியாதவர்களுக்குச் சாய்ந்து உட்காரும் வண்டி உண்டு. பாட்டி, பேரன், நான். ஊருக்கு மேலே, விளக்குகளுக்கு மேலே பறந்து, அந்தப் பிராணியின் கிரகத்துக்குப் போய்த் திரும்பும்போது, ஈ.டி. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வழியனுப்புகிறது. கரகரத்த குரல். பையன் பெயரைச் சொன்னது, அவன் துள்ளினான். என் பெயர் ஏதோ மாதிரி வந்தது. அடுத்து, கொஞ்சம் கோணலாக, அந்த இரண்டெழுத்து.

வெளியே வெளிச்சத்துக்கு வந்ததும் மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க மாமனார் அப்படித்தான் கூப்பிடுவார். பன்னிரண்டு வருஷமாச்சு. அப்புறம் யாரு கூப்பிடறா? அம்மா, பாட்டி, பெரியம்மா... வயசானா பேரே போயிடறது” என்றார். பிறகு, “இன்னொரு தடவை போலாமா? வரிசை ரொம்ப இருக்கா?” என்று கேட்டார். நாற்பத்தைந்து நிமிஷம் என்று பலகை சொன்னது. நின்றோம்.

எந்தப் பூங்கா நல்லது என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். கைக்குழந்தையும் ஐந்துக்குள் இருக்கும் வாண்டும் மட்டும் என்றால், ஒரு நாள்தான் கையில் என்றால், யோசிக்காமல் டிஸ்னி. பத்து வயசுக்கு மேல் பிள்ளைகள் என்றால் யூனிவர்சல். அவர்கள் அங்கேதான் நம்மோடு பேசுவார்கள். எங்களைப்போல எல்லா வயதும் கலந்து கட்டிய குடும்பமானால், முடிந்தவரை அந்தக் கிறிஸ்துமஸ் வாரத்தைத் தவிருங்கள். முடியாது, அப்போதுதான் லீவு என்றால், வரிசையைக் குறைக்க யூனிவர்சலிலும் தனிச் சீட்டு உண்டு; ஆனால் அந்த வாரத்தில் அதன் விலை நுழைவுச் சீட்டையே மிஞ்சிவிடுகிறது. நாங்கள் வாங்கவில்லை. காலை ஆறு மணிக்கு எழுந்தோம், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், காசு மிச்சம் இருந்தால் ஓய்வு நாளில் ஓட்டலுக்குக் கொடுங்கள்.

திரும்பி வரும் வழியில் மாமியார் தயிர் சாதப் பேச்சே எடுக்கவில்லை. காரில் எல்லோரும் தூங்க, அவர் மட்டும் விழித்துக்கொண்டு, ஓர்ப்படியின் குழந்தையை மடியில் போட்டு, அந்தப் பாட்டுப் படகின் மெட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். வார்த்தை தெரியாததால் ‘ஆராரோ’வை அதில் போட்டுக்கொண்டார்.

சென்னைக்கு வந்ததும் சமையலறைக் கதவு நிலையில் பையன் பென்சிலால் ஒரு கோடு போடச் சொன்னான். 41. மாதம் ஒரு தடவை பாட்டிதான் ஸ்கேலைத் தலையில் வைத்துக் குறிக்கவேண்டும். என்னை நம்பமாட்டான், நான் அழுத்திவிடுவேனாம். 2025 ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரம், பாட்டி ஸ்கேலை வைத்தார், டேப்பால் அளந்தார், மறுபடியும் அளந்தார். 42.

அவன் நேராகக் கூடத்துக்கு ஓடி, பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவர் முன்னால் நின்று, “அப்பா, நாப்பத்திரண்டு வந்தாச்சு. எப்ப போறோம்?” என்றான். இவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். சமையலறையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: “எனக்கும் சேர்த்து டிக்கெட் போடு!”